அமெரிக்க நகரங்களில் வீடு, பள்ளி இனப்பிரிவினையை ஆராயச் சிவப்புக் கோட்டு வரைபடங்கள் போதுமா?

போதாது. முனைவர் பட்டத்துக்கு இதை எடுக்க நினைக்கிறீர்கள் என்பதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைக் கடனுக்கு ஆபத்தானவை என்று சிவப்பில் காட்டிய அந்த வரைபடங்களைக் குறைத்துப் பேசுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவற்றை வரைந்த அரசு அமைப்பான வீட்டு உரிமையாளர் கடன் கழகம் (HOLC) 1933இல் கடன் கொடுக்கத் தொடங்கி 1936இல் நிறுத்திவிட்டது. வரைபடங்களோ 1935 முதல் 1940 வரை வரையப்பட்டவை. பிந்தி வந்த வரைபடம் முந்திக் கொடுத்த கடனை எப்படித் தீர்மானிக்கும்?

வங்கிகள் தரும் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு அளிக்க 1934இல் உருவான அரசு அமைப்பு எஃப்.எச்.ஏ. (FHA). அது 1930களில் வெளியிட்ட மதிப்பீட்டுக் கையேட்டைப் படியுங்கள். பிள்ளைகள் 'ஒவ்வாத இனத்தவர்' அதிகமுள்ள பள்ளிக்குப் போக வேண்டியிருந்தால் அந்த வட்டாரத்தின் மதிப்பு நிலைக்காது என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. வீட்டுக் கடனும் பள்ளியும் சேரும் இடம் அதுதான்.

அடுத்து பத்திரங்கள். கதவு எண்ணை வைத்துத் தேடினால் கிடைக்காது. மனைப்பிரிவின் பெயர், பிளாக் எண், லாட் எண் வேண்டும். கறுப்பினத்தவர் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் மனை போட்டவர் எழுதிக் கொடுத்த முதல் கிரயத்திலோ, தனியாகப் பதிந்த நிபந்தனை ஆவணத்திலோ இருக்கும். பிந்தைய பத்திரங்கள் 'பதிவான நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்த வரி சுட்டும் பழைய ஆவணத்தைத் தேடாமல்தான் 'இங்கே தடை இல்லை' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1948 ஷெல்லி தீர்ப்பு அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்துவதைத்தான் தடுத்தது, பத்திரத்திலிருந்து அழிக்கவில்லை.

பள்ளி எல்லைகளுக்குப் பள்ளி வாரியக் கூட்டக் குறிப்புகள். எல்லை பெரும்பாலும் தெருப் பெயர்களாக எழுத்தில்தான் இருக்கும். ஆண்டுவாரியாக நீங்களே வரைய வேண்டும். குடும்பவாரியான மக்கள்தொகைப் பதிவு 1950 வரைதான் திறந்திருக்கிறது, ஏனெனில் 72 ஆண்டு விதி. அதன்பின் பகுதிவாரி எண்ணிக்கையே கிடைக்கும்.

இத்தனை உழைப்பு ஏன் என்றால் டெட்ராய்ட் நகரப் பள்ளிகளின் இனப்பிரிவினை பற்றிய வழக்கைப் (மில்லிகன் எதிர் பிராட்லி) பாருங்கள். வீட்டுப் பிரிவினையில் அரசுக்கும் பங்குண்டு என்று நீதிபதி ராத் 1971இல் பதிவு செய்தார். பிரிவினையைப் போக்க 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் நகரத்தோடு சேர்த்த திட்டத்தை உச்ச நீதிமன்றம் 1974இல் 5–4 என்று தள்ளியது. நகரப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையானதற்கான காரணங்கள் அறியப்படாதவை, ஒருவேளை அறியவே முடியாதவை என்று பெரும்பான்மைப் பக்கம் நின்ற நீதிபதி ஸ்டூவர்ட் அடிக்குறிப்பில் எழுதினார். அறிய முடியும். பத்திர அலுவலகத்தில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது.

ஒரு மனக்குறை: பத்தாயிரம் பத்திரங்களைத் தரவுத்தளமாக்கினாலும், பிற்பாடு பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணி தரும் குழு 'புத்தகம் எங்கே?' என்றுதான் கேட்கும். அதனால் முழு நகரத்தையும் எடுக்காதீர்கள். ஒரு உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் வரும் மனைப்பிரிவுகளோடு தொடங்குங்கள்.