புரோமின் ஏன் திரவமாக இருக்கிறது? இயற்கையில் எங்கே கிடைக்கிறது?

அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் ஒரே அலோகம் புரோமின் (அணு எண் 35). செம்பழுப்பு நிறம், மூக்கைத் துளைக்கும் நெடி. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஒரு கிலோ என்றால், இது மூன்று கிலோவைத் தாண்டும்.

மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு குளோரினில் குறைவு, அதனால் அது வாயு. அயோடினில் அதிகம், அது திண்மம். புரோமின் நடுவில்: −7 டிகிரி செல்சியசில் உறையும், 59-ல் கொதிக்கும். மூடி திறந்தாலே ஆவியாகி நுரையீரலை அரிப்பதுதான் ஆபத்து.

பிற பொருள்களிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துவிடுவதால் இயற்கையில் இது தனியாக இருக்காது. எலக்ட்ரானைப் பெற்று உருவாகும் புரோமைடு உப்பாகவே கிடைக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம். சாக்கடலில் ஏறத்தாழ 5 கிராம். அந்த நீரில் குளோரினைச் செலுத்தினால் புரோமின் பிரியும். 1826-ல் பிரான்சின் வேதியியலாளர் பலார் உப்பளக் கழிநீரிலிருந்து இப்படித்தான் எடுத்தார்.

கடலில் கரைந்திருப்பது புரோமைடுதான், நச்சுத் திரவமான புரோமின் அல்ல.