ரஷ்ய வெள்ளி: முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள்

ஜார் காலத்து வெள்ளிச் சாமான்கள் அசலா போலியா என்று கேட்டு வந்தவற்றுக்குப் பதில்கள். விலை கேட்டவர்களுக்கு: நான் விலை சொல்வதில்லை.

கேள்வி: ஸ்பூனில் 84 என்று இருக்கிறது. 84 சதவீத வெள்ளியா?

பதில்: இல்லை. பழைய ரஷ்ய ராத்தலுக்கு 96 சொலோத்னிக்; அது ஒரு சின்ன எடை அளவு. அந்த 96-ல் 84 பங்கு வெள்ளி. இன்றைய கணக்கில் ஆயிரத்துக்கு 875. ஈரான் வெள்ளியிலும் 84 வரும், அதனால் எண்ணை மட்டும் பார்த்து ரஷ்யா என்று முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: முத்திரையில் பெண் தலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

பதில்: கொகோஷ்னிக் தலையணி போட்ட அந்தப் பெண் 1899 முதல் 1908 வரை இடப்பக்கம் பார்ப்பாள். பக்கத்தில் சோதனை அதிகாரியின் பெயர் எழுத்துகள் இருக்கும். 1908-க்குப் பிறகு வலப்பக்கம், கூடவே ஒரு கிரேக்க எழுத்து: பீட்டர்ஸ்பர்க்குக்கு ஆல்ஃபா, மாஸ்கோவுக்கு டெல்டா. 1903 என்று பரிசு வாசகம் வெட்டிய கிண்ணத்தில் அவள் வலப்பக்கம் பார்த்தால் சந்தேகப்படுங்கள். வாசகத்தையும் படியுங்கள். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு, மெய்யில் முடியும் ஆண்பால் பெயர்களின் கடைசியில் ஆங்கிலச் சின்ன 'b' போன்ற, தலையில் சின்னக் கொக்கி வைத்த ஓர் எழுத்து வரும். போலி செய்பவர்கள் அதை அடிக்கடி மறக்கிறார்கள்.

கேள்வி: தாத்தா வாங்கி வைத்த ஆறு ஸ்பூன், ஃபேபர்ஜே முத்திரையோடு. நம்பலாமா?

பதில்: ஜார் குடும்பத்துக்கு நகை செய்த பீட்டர்ஸ்பர்க் நிறுவனம் அது; ரொம்ப அதிகம் போலியாகும் பெயர்களில் ஒன்று. நானே ஏமாந்திருக்கிறேன். இதே போல ஆறு ஸ்பூன், பட்டுத்துணி போட்ட பெட்டி; கடைக்காரர் டீ கூட வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்தேன். முதல் ஸ்பூனின் முத்திரைக்குக் குறுக்கே முடி போல ஒரு கீறல். இரண்டாவதிலும் அதே கீறல், அதே இடம். ஆறிலும் அப்படியே! ஒரே அச்சில் வார்த்தவை. கையால் அடித்த முத்திரை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாயும், ஆழம் மாறும், விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்த்தது தேய்ந்த சோப்பு போல மழுங்கி, பொடிப்பொடிக் குழிகளோடு இருக்கும். பெயரையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். வார்சாவின் ஃப்ராஷே என்ற கம்பெனியின் வெள்ளி முலாம் சாமானையும் ஃபேபர்ஜே என்று விற்கிறார்கள். ரஷ்ய எழுத்தில் இரண்டு பெயருக்கும் கடைசி எழுத்துகள் ஒன்றே.

கேள்வி: இவ்வளவு எதற்கு? நகைக்கடையில் உரைகல்லில் உரைத்தோம், மாற்று சரியாக இருக்கிறது.

பதில்: உரைகல் உலோகத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

கேள்வி: மூன்று தலைமுறையாக வெள்ளி வேலை எங்களுக்கு. கல் பொய் சொல்லாது.

பதில்: கல் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை, அண்ணே. 1905-ல் செய்த 84 ஸ்பூனையும், நட்சத்திரத்துக்குள் அரிவாள் சுத்தியல் போட்ட 1960-ன் சோவியத் ஸ்பூனையும் உரையுங்கள். இரண்டும் 875. கல் எதைப் பழசு என்று சொல்லும்? தேர்ந்த மோசடிக்காரன் மட்ட வெள்ளியைத் தொடவே மாட்டான். பெயரில்லாத பட்டறையின் அசல் பழைய கிண்ணத்தை வாங்கி, அதன்மேல் பெரிய பெயரை அடிப்பான்.

கேள்வி: அப்படியென்றால் முத்திரையையும் நம்பக் கூடாது, கல்லையும் நம்பக் கூடாது. எதைத்தான் நம்புவது?

பதில்: சரி, நியாயமான கேள்வி. சாமானை. கை படும் இடத்தில் தேய்ந்து, படாத மூலையில் கறுத்திருக்கிறதா? பிடி பற்றவைத்த இடம் சுத்தமா? முத்திரையைச் சுற்றியுள்ள தேய்மானமும் முத்திரையின் தேய்மானமும் ஒத்துப்போகிறதா? கிண்ணம் தேய்ந்து முத்திரை மட்டும் புதுசாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்காகத்தான் தேய்க்காதீர்கள் என்று கத்துகிறேன்.

கேள்வி: விபூதி போட்டு லேசாகத் தேய்க்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: மாஸ்கோவில் மருத்துவம் படித்த மகன் வாங்கி வந்த டீ டம்ளர் பிடி. அடியில் மூன்று எழுத்து: எம், ஹெச், அப்புறம் வால் வைத்த சதுர யு.

பதில்: செம்பு, நிக்கல், துத்தநாகம் என்பதன் சுருக்கம். இந்தக் கலவையில் வெள்ளி இல்லை. ஆனால் ரஷ்ய ரயில்களில் இப்படிப்பட்ட பிடியில்தான் டீ தருவார்கள். அதில் டீ குடியுங்கள், நன்றாக இருக்கும்.

கேள்வி: 84 என்றால் 84 சதவீதம்தானே?

பதில்: 96-ல் 84.