ஹைட்ரஜன் ஆற்றலிலும் அதற்கான பாதுகாப்பு சென்சார் தொழிலிலும் இப்போது முதலீடு செய்யலாமா?

கேள்வி கேட்டவர் ஐந்து ஆண்டுகளுக்குத் தொடத் தேவையில்லாத சேமிப்பு வைத்திருக்கிறார். அதை ஹைட்ரஜன் தயாரிக்கும் நிறுவனத்தில் போடுவதா, கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார் நிறுவனத்தில் போடுவதா என்று கேட்கிறார். நான் முதலீட்டு ஆலோசகன் அல்ல. ஹைட்ரஜன் புழங்கும் ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தவரை சென்சார் தொழில் உறுதியானது, ஆனால் அதற்குள் நுழைய சிறு முதலீட்டாளருக்கு வழி குறுகல். ஹைட்ரஜன் பங்குகளில் நிலைமை நேர் எதிர்: நுழைய வழி ஏராளம், லாபத்தைத்தான் காணோம்.

கணக்கைப் பாருங்கள். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். யூனிட் 4 ரூபாய்க்குக் கிடைத்தாலும் மின்சாரத்துக்கே 200 ரூபாய்க்கு மேல் போய்விடும். இயந்திரம், வட்டி, அழுத்தி நிரப்பும் செலவெல்லாம் தனி. அதனால்தான் அரசின் கை தேவைப்படுகிறது. 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து எடுப்பதைத்தான் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. மானியத்தை நம்பி நிற்கும் தொழிலில் இலக்கை வைத்துப் பங்கு விலையைக் கணிப்பது ஆபத்து. ஹைட்ரஜன் லாரி செய்யக் கிளம்பிய அமெரிக்காவின் நிகோலா 2020 ஜூனில் சிறிது காலம் கார் நிறுவனமான ஃபோர்டைவிட அதிக சந்தை மதிப்பில் இருந்தது. 2022இல் அதன் நிறுவனர் மோசடி வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனம் ஃபோர்டெஸ்க்யூ 2030க்கு வைத்திருந்த, ஆண்டுக்கு 1.5 கோடி டன் பசுமை ஹைட்ரஜன் என்ற இலக்கை 2024இல் கைவிட்டது.

இனி சென்சார். ஹைட்ரஜனுக்கு நிறமும் மணமும் கிடையாது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கக்கூடும். 75 சதவீதம் வரை அந்த ஆபத்து தொடரும். எரிந்தாலும் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரிவது அரிது. இயற்கை எரிவாயுவுக்குப் பரவலாகப் பயன்படும் அகச்சிவப்பு டிடெக்டர் ஹைட்ரஜனைப் பார்க்கவே பார்க்காது, ஏனென்றால் அதன் மூலக்கூறு அந்தக் கதிரை உறிஞ்சுவதில்லை. ஆகவே வேறு வகை சென்சார் வேண்டும். வினையூக்கி பூசிய பாசிமணி போன்ற சிறு உருண்டையில் வாயுவை எரித்து, அந்தச் சூட்டை வைத்து அளக்கும் சென்சார் பழைய, நம்பகமான வகை. ஆனால் பக்கத்தில் யாராவது சிலிகோன் பசை பூசினால் போதும், அதன் ஆவி பட்டு அந்த உருண்டை மெல்லச் செத்துவிடும். செத்த சென்சார் காட்டுவதும் பூஜ்யம், கசிவே இல்லாத அறை காட்டுவதும் பூஜ்யம். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஹைட்ரஜன் மேலே எழும் என்பதால் டிடெக்டரும் கூரையடியில்தான் இருக்கும். சோதனை வாயு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, மூடியைப் பொருத்தி, அளவு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் புதிய சென்சார் வாங்க வேண்டும். முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது இதைத்தான்: ஒரு முறை விற்றால் ஆண்டுதோறும் உதிரியும் கேலிப்ரேஷனும் (அளவைச் சரிபார்த்துத் திருத்தும் வேலை) வருமானம் தரும்.

இந்தத் தேவை பசுமை ஹைட்ரஜன் கனவை நம்பியும் இல்லை. உர ஆலை, சுத்திகரிப்பு ஆலை, காஸ்டிக் சோடா ஆலை, அனல் மின்நிலைய ஜெனரேட்டரின் குளிரூட்டல் என்று ஹைட்ரஜன் ஏற்கெனவே புழங்குகிறது. பசுமை ஆலைகள் வந்தால் தேவை இன்னும் கூடும். 2019 மே மாதம் தென்கொரியாவின் காங்நங்கில் ஹைட்ரஜன் தொட்டி வெடித்து இருவர் இறந்தார்கள். உள்ளே ஆக்சிஜன் கலந்திருந்ததே காரணம். தண்ணீரைப் பிரிக்கும் மின்பகுப்பு இயந்திரம் குறைந்த மின்சாரத்தில் ஓடும்போது இப்படிக் கலப்பது அதிகம், சூரிய மின்சாரமோ ஏறி இறங்கும். எனவே அறைக்கு மட்டுமல்ல, குழாய்க்குள்ளும் அளவி வேண்டும். அதே ஆண்டு ஜூனில் நார்வேயில் ஹைட்ரஜன் எரிபொருள் நிலையம் வெடித்தது வேறு கதை: உயரழுத்தத் தொட்டியின் மூடியிலிருந்த போல்ட்டுகளைச் சரியாக முடுக்கவில்லை. சென்சார் போல்ட்டை முடுக்காது.

சரி, யாரிடம் வாங்குவது? ஹனிவெல்லின் மொத்த வியாபாரத்தில் வாயு சென்சார் கடலில் கரைத்த பெருங்காயம். எம்எஸ்ஏ சேஃப்டி, ஜெர்மனியின் டிரேகர், டோக்கியோவில் பட்டியலிடப்பட்ட ரிக்கன் கெய்கி ஆகியவற்றின் வியாபாரத்தில் சென்சாரின் இடம் சற்றுக் கூடுதல். அங்கும் தீயணைப்பு உபகரணமோ மருத்துவக் கருவியோ மற்ற வாயுக்களோ சேர்ந்தே வரும். தனித்து வளரும் சிறிய நிறுவனங்களைப் பெரியவர்கள் விழுங்கிவிடுகிறார்கள்: ரே சிஸ்டம்ஸை 2013இல் ஹனிவெல் வாங்கியது, பக்கராக்கை 2021இல் எம்எஸ்ஏ வாங்கியது.

என் சேமிப்பாக இருந்தால் ஹைட்ரஜன் தயாரிப்பாளரில் கை வைக்க மாட்டேன். சென்சார் பக்கம் சிறு பகுதியை, பழைய நிறுவனத்தில் மட்டும் போடுவேன். பட்டியலிடப்படாத சென்சார் ஸ்டார்ட்அப் பங்கு என்று யாராவது கொண்டுவந்தால், உணரும் செல்லை நீங்களே செய்கிறீர்களா அல்லது இறக்குமதி செய்து பெட்டியில் போடுகிறீர்களா, வெடிப்பு அபாயப் பகுதியில் பொருத்தச் சான்று இருக்கிறதா, பழைய வாடிக்கையாளர் உதிரி வாங்கும் வருமானம் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குக் கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.