கடன் வாங்கிப் படிக்கும்போது வெளியே சாப்பிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். ஜெர்மனியில் ஆகன் நகரில் எம்.எஸ். முதல் செமஸ்டர் படிக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம். 15 லட்சம் ரூபாய் கல்விக்கடன், 10 சதவீத வட்டி. இப்போதைக்கு வட்டியை மட்டும் அப்பா மாதாமாதம் கட்டுகிறார். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைத்த பிளாக்டு அக்கவுண்டிலிருந்து எனக்கு மாதம் 992 யூரோ வருகிறது. கூடப் படிப்பவர்கள் சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு அறைக்கு வந்து ரசம் சோறு சாப்பிடுகிறேன். ஒரு காபி 350 ரூபாய் என்று நினைத்தாலே அப்பா முகம்தான் கண்முன் வருகிறது. வந்து மூன்று மாதம் ஆகியும் நெருங்கிப் பழக யாரும் இல்லை. வெளியே சாப்பிட மாதம் எவ்வளவு ஒதுக்கலாம்? ஒதுக்கத்தான் வேண்டுமா?

பதில்: ஒதுக்கத்தான் வேண்டும். மாதம் 80 யூரோ. கடைசியில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விடாதீர்கள், மிச்சம் இருக்காது. வாடகையைப் போல மாதத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

இது எங்கிருந்து வரும் என்று பார்ப்போம். விடுதி அறை 350, மருத்துவக் காப்பீடு 145, செமஸ்டர் கட்டணத்துக்கு மாதம் 55, போன் 10, மூன்று பேர் பகிரும் வீடு என்றால் வீட்டுக்கு வீடு கட்டாயமாகக் கட்ட வேண்டிய வானொலி, டிவி கட்டணம் 18.36 யூரோவில் உங்கள் பங்கு 6, மளிகை 160. ஆக 726. மீதி 266 யூரோ. அதில் 100 அவசரத்துக்கு. அதைத் தொடக் கூடாது. துணிமணி, புத்தகம் போன்ற சில்லறைச் செலவுக்கு 86. மீதி 80 வெளிச் சாப்பாட்டுக்கும் மனிதர்களோடு பழகவும். உங்கள் வாடகை கூடக் குறைய இருந்தால் சில்லறைச் செலவில் சரிக்கட்டுங்கள், இந்த 80-இல் கை வைக்காதீர்கள்.

இரண்டு வருடத்துக்கு இது 1,920 யூரோ, ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய். சின்னத் தொகை இல்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்னொரு தொகையையும் பக்கத்தில் வையுங்கள். படிப்பு ஒரே ஒரு செமஸ்டர் நீண்டால் ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. அங்கே தேர்வுக்குப் பதிவு செய்ய ஒரு கெடு உண்டு, எந்தப் பேராசிரியரிடம் தீசிஸ் கேட்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு, பழைய வினாத்தாள் மாணவர் மன்றத்தில் கிடைக்கும் என்ற தகவல் உண்டு. பாதி விஷயம் சாப்பாட்டு மேசையில்தான் காதில் விழும். அறையில் தனியாக இருந்தால் கடைசி ஆளாகத்தான் தெரியவரும்.

பணத்தை விட்டுவிட்டுப் பேசினாலும் என் கருத்து இதுதான். 24 மாதம் ஒரு ஊரில் வாழ்ந்துவிட்டு அந்த ஊர் ஆட்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடாமல் திரும்ப வேண்டும் என்பதற்காக உங்கள் அப்பா கடன் வாங்கவில்லை.

யூரோவை நூறால் பெருக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். நீங்கள் சம்பாதிக்கப் போவதும் யூரோதான். 2026-இல் ஜெர்மனியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. மென்சா என்ற மாணவர் கேன்டீனில் 3.50 யூரோ சாப்பாடு என்பது கால் மணி நேர வேலை. இனி அப்படிக் கணக்குப் போடுங்கள்.

மென்சாவை மாணவர் நல அமைப்பு மானியத்தில் நடத்துகிறது. பான்ட்வால் சாலையில் இருக்கும் மென்சா அகடெமிகா உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாணவர் அட்டையைக் காட்டினால்தான் மாணவர் விலை. சைவத் தட்டு தினமும் உண்டு. வாரத்துக்கு மூன்று மதியம், மாதம் 12 சாப்பாடு, 42 யூரோ. மீதி நாளெல்லாம் ரசம் சோறு தாராளமாகச் சாப்பிடுங்கள்.

வாரம் ஒரு முறை 5 யூரோவுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு. ஆகனில் இதற்குப் பஞ்சமே இல்லை. ரைஸ்ஃப்ளாடன் என்று ஒன்று பேக்கரிகளில் இருக்கும். ஈஸ்ட் மாவு ஓட்டுக்குள் பாலில் குழைய வெந்த அரிசி. ஒரு துண்டு சாப்பிட்டுப் பாருங்கள், பால் பாயசம் கெட்டியானால் எப்படி இருக்குமோ அதற்குப் பக்கத்தில் வரும். ஊர்ப் பெயரோடு விற்கும் மசாலா பிஸ்கட் பிரின்டன், அலங்காரப் பெட்டியில் வாங்கினால் விலை அதிகம். உடைந்த துண்டுகளைப் பையில் போட்டு மலிவாகத் தருவார்கள், ருசி ஒன்றுதான். லிண்ட் சாக்லேட் தொழிற்சாலையே அந்த ஊரில் இருக்கிறது, வாசலில் நேரடி விற்பனைக் கடை உண்டு. அடுத்த கிறிஸ்துமஸ் சந்தையில் உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த ரைபகூஹனை ஆப்பிள் கூழோடு சாப்பிடுங்கள். அங்கே சூடான பானம் வாங்கினால் கோப்பைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். புதிதாக வந்த பலர் இதையும் விலை என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். பிப்ரவரி வாக்கில் கார்னிவல் ஊர்வலம். வண்டிகளிலிருந்து மிட்டாய் வாரி இறைப்பார்கள், செலவே இல்லை.

மாதம் ஒரு முறை விடுதிச் சமையலறையில் ஆளுக்கொரு பதார்த்தம் என்று கூட்டாகச் சமையுங்கள். உங்கள் பங்கு 10 யூரோ. லெமன் சாதமும் அப்பளமும் போதும், தட்டு காலியாகிவிடும். ஆக 72. மீதி 8 யூரோவைச் சேர்த்து வையுங்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது: அங்கே பிறந்தநாள்காரர்தான் கேக் கொண்டுபோக வேண்டும், மற்றவர்கள் வாங்கித் தர மாட்டார்கள்.

இன்னொரு பயமும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். நம் ஊரில் நாலு பேர் சேர்ந்து போனால் யாராவது ஒருவர் பில்லை இழுத்துக்கொள்வார், அடுத்த முறை நம் முறை வரும். அங்கே பில் கேட்டதுமே சேர்த்தா, தனித்தனியா என்று பரிமாறுபவரே கேட்பார். ‘கெட்ரென்ட்’ என்று சொல்லி அவரவர் சாப்பிட்டதை அவரவர் கொடுத்துவிட்டு எழுந்து வருவது சாதாரணம். சூப் மட்டும் குடித்தாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர்கூடப் பெரும்பாலும் காசுதான், ஆர்டர் செய்யும் முன் விலையைப் பாருங்கள்.

இந்த 80-இல் சேராதது ஒன்று உண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஆப்பில் ஆர்டர் செய்து அறைக்கு வரவழைக்கும் பீட்சா. அதில் ஊரும் இல்லை, மனிதரும் இல்லை. அசதியான நாளுக்கென்று பிரிட்ஜில் தோசை மாவு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பாவின் பாரம். முழுக் கடனும் எடுத்தாகிவிட்டால் மாத வட்டி 12,500 ரூபாய். உங்கள் 80 யூரோவை நிறுத்தினால் அதில் பாதிக்கு மேல் அடையும், உண்மைதான். ஆனால் அதை அடைக்க வேறு வழி இருக்கிறது. அடுத்த செமஸ்டரில் ஹிவி வேலைக்கு, அதாவது பேராசிரியரிடம் மாணவ உதவியாளர் வேலைக்கு முயலுங்கள். வெளி வேலைக்கு வருடம் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று உச்சவரம்பு உண்டு. பல்கலைக்கழகத்து உதவியாளர் வேலை அந்தக் கணக்கில் வராது. வாரம் 10 மணி நேரம் என்றால் மாதம் 600 யூரோவை ஒட்டி வரும். அதிலிருந்து 125 யூரோ அனுப்பினால் வட்டி முழுவதும் அடைந்துவிடும். அப்பா பழைய வருமான வரி முறையில் இருந்து, கடனும் அவர் பெயரில் இருந்தால், அவர் கட்டிய வட்டிக்கு வரிக் கழிவு கிடைக்குமா என்று ஆடிட்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அதுவரை இந்த 992 யூரோ கணக்கை அப்படியே ஒரு தாளில் எழுதி அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், 80 யூரோ செலவையும் சேர்த்து. பேசும்போது மென்சாவில் என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்றும் சொல்லுங்கள். அவர் அதைத்தான் முதலில் கேட்பார் என்று நினைக்கிறேன்.