ராணி விழுந்தா மாத்திக்கலாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மே மாச லீவுல கரண்ட் போன ஒரு ராத்திரி, பசங்களுக்காக சாதா சீட்டுக்கட்டை வச்சு புதுசா ஒரு ஆட்டம் பண்ணேன். நாலு பேர், ஆளுக்கு 13 சீட்டு, இஸ்பேடு இறக்குனா எல்லாரும் இஸ்பேடு தான் போடணும், பெரிய சீட்டு போட்டவர் அந்த சுத்துல விழுந்த எல்லாத்தையும் எடுப்பார், அது ஒரு பிடி. ஆர்ட்டின் பிடிக்கு டபுள் பாயிண்ட், ஜாக்கி வந்தா அடுத்தவருக்கு சான்ஸ் கிடையாது, ராணி விழுந்த பிடியை எடுத்தவர் யார்கிட்டயாவது ஒரு சீட்டு மாத்திக்கலாம் (இது என் 9 வயசு பொண்ணு சொன்ன ரூல்), இப்படி சேர்ந்து சேர்ந்து 17 ரூல் ஆயிடுச்சு. முதல் நாள் செம ஜாலி. மூணாவது நாள் கூப்பிட்டா யாரும் வரல. நல்ல சீட்டு வந்தவங்க ஜெயிக்கிறாங்க, மத்தவங்களுக்கு பாதியிலயே போரடிக்குது. எங்க தப்பு பண்ணேன்? இத்தனை ஆட்டம் இருக்கும்போது புதுசா பண்றதே வீண்வேலையா?

– ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வீண்வேலைன்னு மட்டும் நினைக்காதீங்க. நாம இன்னைக்கு ஆடுற எல்லா ஆட்டமும் இப்படி யாரோ நாலு பேர் உக்காந்து மாத்தி மாத்தி பண்ணது தான். உங்க கடிதத்தை படிச்சதும் ஒரு கட்டை எடுத்து நாலு கையா பிரிச்சுப் போட்டு நானே ஆடிப் பாத்தேன், அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

முதல்ல ஒரு கோளாறு. ஜாக்கி வந்தா அடுத்தவருக்கு சான்ஸ் இல்லைன்னா அவர் அந்த சுத்துல சீட்டு போடல, சரி, அப்ப கடைசியில அவர் கையில மட்டும் ஒரு சீட்டு மிஞ்சி நிக்குமே, அதை என்ன பண்றது? அதுக்கு ஒரு ரூல் போட்டிருப்பீங்க, அந்த ரூல் இன்னொரு இடத்துல இடிச்சிருக்கும், அதுக்கு இன்னொண்ணு. 17 வந்தது இப்படித்தான்னு நினைக்கிறேன். அந்த ஜாக்கி ரூலை தூக்கிட்டாலே பாதி சிக்கல் தீரும்.

ஆனா போரடிச்சதுக்கு காரணம் அது இல்ல. உங்க ஆட்டத்துல சீட்டு கைக்கு வந்த உடனே யார் ஜெயிப்பாங்கன்னு முடிவாயிடுது. ஏஸ், ராஜா நிறைய வந்தவர் எடுக்கப் போறார், டபுள் பாயிண்ட் வச்சதால இன்னும் அதிகமா எடுக்கப் போறார். ரெண்டும் மூணுமா வந்தவருக்கு யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? கழுதை ஆட்டத்தை யோசிச்சுப் பாருங்க. அதுல இறக்குன வகை கையில இல்லாம ஒருத்தர் வேற வகையை போட்டு வெட்டுனா, இறக்குன வகையில பெரிய சீட்டு போட்டவர் தானே எல்லாத்தையும் அள்ளணும், அதனால ஏஸ் கையில இருக்கவருக்கும் பயம் இருக்கும். குட்டிப் பசங்க கூட அலுக்காம ஆடுறாங்கன்னா அதனால தான்.

304 ஆடியிருக்கீங்களா? யாழ்ப்பாணத்து ஆளுங்க உயிரா ஆடுற ஆட்டம். ஏழுல இருந்து ஏஸ் வரைக்கும் 32 சீட்டு தான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, எட்டுக்கும் ஏழுக்கும் ஒண்ணும் இல்ல. கூட்டினா 76, நாலு மடங்கு 304, அதுவே பேர். (கேரளாவுல ஆடுற 28க்கும் இதே மாதிரி கூட்டி வந்த பேர் தான்.) முதல்ல நாலே நாலு சீட்டு குடுப்பாங்க, அதை வச்சே இத்தனை பாயிண்ட் எடுப்போம்னு கேக்கணும், அதிகமா கேட்டவர் துருப்பு (மத்த எல்லா வகையையும் ஜெயிக்கற வகை) சீட்டை கவுத்து வைப்பார், அப்புறம் தான் மிச்ச நாலு. துருப்பு எதுன்னு அவருக்கு மட்டும் தெரியும், கூட்டாளிக்கே தெரியாது! கவுத்து வச்ச அந்த ஒரு சீட்டால ஒவ்வொரு இறக்கத்துக்கும் எல்லாரும் யோசிக்க வேண்டியதாகுது. எனக்குத் தெரிஞ்சு ஒரு ரூலை வச்சு இவ்வளவு வேலை வாங்குற ஆட்டம் ரொம்ப கம்மி.

இன்னொண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. 1925ல ஹெரால்டு வாண்டர்பில்ட்னு ஒரு அமெரிக்கர் பனாமா கால்வாய் வழியா கப்பல்ல போறப்ப கூட வந்தவங்களோட பிரிட்ஜுங்கற சீட்டாட்டம் ஆடினார். அப்ப இருந்தது, எத்தனை பிடி எடுப்போம்னு ஏலம் மாதிரி கேட்டு ஆடுற ஆக்‌ஷன் பிரிட்ஜ். அதுல கம்மியா கேட்டுட்டு நிறைய பிடி எடுத்தாலும் எல்லாமே கேம் ஜெயிக்கத் தேவையான பாயிண்ட்ல சேர்ந்துடும், அப்புறம் எவன் துணிஞ்சு கேப்பான்? அவர் சீட்டு போடுற முறையை தொடவே இல்ல, பாயிண்ட் கணக்கை மட்டும் மாத்தினார். கேட்ட அளவு தான் கேமுக்கு சேரும்னார், அது பிரான்ஸ்ல பிளாஃபோங்கற ஆட்டத்துல முன்னாடியே இருந்த யோசனை தான். ஏற்கனவே ஒரு கேம் ஜெயிச்ச பக்கம் கேட்டதை எடுக்கலைன்னா அபராதம் அதிகம்னு சேர்த்தார், அந்த நிலைமைக்கு 'வல்னரபிள்'னு (சுலபமா அடி வாங்கக்கூடிய நிலைன்னு அர்த்தம்) பேர் குடுத்தது அதே கப்பல்ல வந்த ஒரு பொண்ணு. சில வருஷத்துலயே பழைய ஆட்டத்தை ஓரங்கட்டிடுச்சு, இன்னைக்கு உலகம் பூரா ஆடுற காண்ட்ராக்ட் பிரிட்ஜ் இது தான்.

அதனால உங்க ஆட்டத்துலயும் முதல்ல பாயிண்ட்ல கை வைங்க. நம்மூர்ல ஜட்ஜ்மென்ட்னு ஆடுறாங்களே, அதுல இருந்து எடுத்துக்கலாம். ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் எத்தனை பிடி எடுப்பேன்னு வரிசையா சொல்லணும். சொன்னது அச்சா வந்தா பத்து பாயிண்ட், கூட எத்தனை பிடியோ அத்தனை. ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் பூஜ்யம். கடைசியா சொல்றவருக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு, நாலு பேர் சொன்னதையும் கூட்டினா 13 வரக்கூடாது. அப்ப யாரோ ஒருத்தருக்காவது தப்பியே ஆகணும் இல்லையா, எல்லாரும் நல்லவங்களா ஆடி முடிச்சுட்டு எழுந்து போக முடியாது. மோசமான கை வந்தவர் பூஜ்யம்னு சொல்லிட்டு ஒரு பிடி கூட எடுக்காம தப்பிக்கப் பாப்பார், அது தனி த்ரில்.

மிச்ச 16 ரூலையும் எடுத்துடுங்க, உங்க பொண்ணு சொன்ன ராணி ரூலை மட்டும் விடாதீங்க. மனசார சொல்றேன், உங்க ஆட்டத்துலயே அது தான் தங்கம். மூணு பிடின்னு சொல்லிட்டு உக்காந்திருக்கவர் கையில இருந்து ஏஸை உருவிட்டு ஒரு ரெண்டை சொருகினா அவர் கணக்கு என்ன ஆகும்! மாத்துறப்ப ரெண்டு சீட்டுமே கவுத்தி தான் கை மாறணும், பாக்காம உருவணும். ராணியை எப்ப இறக்குறது, யார் எடுக்கற மாதிரி இறக்குறதுன்னு எல்லாரும் யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க.

அப்புறம் ரூலை அரைப்பக்கத்துல எழுதி, இதுவரை ஆடாத நாலு பேர்கிட்ட குடுத்துட்டு நீங்க வாயே திறக்காம பக்கத்துல உக்காருங்க. கஷ்டம் தான், வாய் ஊறும். அவங்க எங்க நிறுத்தி முழிக்கிறாங்களோ அங்க தான் ரூல்ல ஓட்டை. நான் ஆடினப்ப ரெண்டு இடத்துல நின்னேன். ஒரே பிடியில ரெண்டு ராணி விழுந்தா ஒரு தடவை மாத்தலாமா, ரெண்டு தடவையா? பதிமூணாவது பிடியில ராணி வந்தா கையில சீட்டே இருக்காதே, அப்ப சும்மா விட்டுடறதா? எனக்கு ரெண்டுக்கும் பதில் தோணுச்சு, ஆனா சொல்ல மாட்டேன். ரூல் உங்க பொண்ணோடது, அவகிட்டயே கேட்டு எழுதுங்க.