ஒன்பது வயதுக்கு எந்தப் பாட்டுப் பெட்டி?

வணக்கம் சார்,

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பாட்டு என்றால் சோறு தண்ணி வேண்டாம். இரண்டு வருடமாகப் பாட்டு வகுப்புக்கும் போகிறாள். வீட்டில் என் போனில்தான் கேட்கிறாள். பாட்டுக் கேட்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனால் பத்து நிமிஷத்தில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டுக்கென்று தனியாக ஒன்று வாங்கித் தரலாம் என்று பார்க்கிறேன். வீட்டுக்காரர் டேப்லெட் என்கிறார், மாமனார் பழைய பாட்டு ஏற்றி வருகிற காரவான் பெட்டி என்கிறார். நேரு வீதியில் ஒரு கடையில் கேட்டேன், "எம்.பி.3 பிளேயரெல்லாம் இப்போ யாரும்மா வாங்குறாங்க" என்று புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து நீட்டினார். மூவாயிரம், மிஞ்சினால் நாலாயிரம் செலவு செய்யலாம். காது கெட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. ஐந்து வயதில் ஒரு தம்பி வேறு, எதை வாங்கினாலும் பிடுங்குவான். எதை வாங்குவது?

இரண்டு பிள்ளைகளின் அம்மா, முத்தியால்பேட்டை

வணக்கம்மா,

டேப்லெட் வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், முதலில் அதை வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். போன் தொல்லையிலிருந்து தப்பிக்க நினைக்கிறவர் அதைவிடப் பெரிய போனை வாங்கி வைப்பாரா?

உங்கள் மகள் வீடியோவுக்குத் தாவுவதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. போனில் ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது வாசலில் வந்து நிற்கிறது, ஓரத்தில் நாலு படம் கண்ணைச் சிமிட்டுகிறது, பெரியவர்கள் நாமே தாக்குப்பிடிப்பதில்லை. ஆனால் பாட்டுப் பித்துப் பிடித்த பிள்ளைகளை நான் பார்த்த வரையில், அவர்களுக்கு அடுத்த பாட்டில் அக்கறையே கிடையாது. இதே பாட்டு மறுபடி வேண்டும். பாட்டில்கூட அந்த ஒரு வரி, அந்த வரியிலும் குரல் வழுக்கிக்கொண்டு கீழே இறங்குகிற அந்த ஒரு இடம், அதை நாற்பது தடவை கேட்பார்கள். வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கிறுக்குப் பிடிக்கும், அவர்களுக்கோ அப்படித்தான் பாட்டு உள்ளே இறங்கும். ஆகவே நீங்கள் வாங்கப்போகிற பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் பாடத் தெரிந்திருக்க வேண்டும், வேறு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது.

அந்தக் கடைக்காரர் சொன்னது பாதி நிஜம். ஆப்பிள் 2001இல் கொண்டுவந்த ஐபாடை 2022இல் நிறுத்திவிட்டார்கள். சோனி இன்னும் வாக்மேன் என்ற பெயரிலேயே செய்கிறது, ஃபியோ, ஷான்லிங் என்று சீனக் கம்பெனிகளும் செய்கின்றன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காசு வைத்திருக்கிற இசைப் பைத்தியங்களுக்கானவை, உங்கள் நாலாயிரத்துக்குள் அடங்காது. அடங்கவும் வேண்டாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, பொத்தான் வைத்து, சின்னத் திரையோடு வருகிற சாதாரண எம்.பி.3 பிளேயர்கள் ஆன்லைனில் உங்கள் பட்ஜெட்டில் பாதிக்கே கிடைக்கின்றன. மிச்சக் காசில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது ஏ-பி ரிப்பீட் என்ற வசதி. மலிவான பிளேயர்கள் பலவற்றில் இது உண்டு, வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை. பாட்டு ஓடும்போது வரி தொடங்குமிடத்தில் ஒரு அமுக்கு, முடியுமிடத்தில் இன்னொரு அமுக்கு, அவ்வளவுதான், நிறுத்துகிற வரை அந்தத் துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி வரும். பாட்டுக் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் ஒரு மெஷினால் செய்ய முடியாது. அப்புறம், விட்ட இடத்திலிருந்து தொடருமா என்று கேளுங்கள். மூணு நிமிஷ சினிமாப் பாட்டுக்கு இது தேவையில்லை, ஆனால் நாற்பது நிமிஷம் ஓடுகிற ஒரு ராகம் தானம் பல்லவியைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள் என்று பாதியில் அணைத்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து கேட்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் அழும். மைக் வைத்து ரிக்கார்டிங் வசதியோடு வந்தால் இன்னும் நல்லது, டீச்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அன்றைய பாடத்தைப் பதிவு செய்து வரலாம். வைஃபை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் வாங்காதீர்கள். எம்.பி.3 பிளேயர் என்று பெயர் போட்டு உள்ளே ஆண்ட்ராய்டும் பிரவுசருமாகச் சில வருகின்றன, அது சிம் இல்லாத போன், அவ்வளவே.

எத்தனை ஜி.பி. என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 128 கே.பி.பி.எஸ். தரத்தில் ஒரு நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 1 எம்.பி. அப்படியென்றால் 32 ஜி.பி. மெமரி கார்டில் ஐந்து நிமிஷப் பாட்டுகள் ஆறாயிரம் பிடிக்கும். அவளுக்கு வேண்டியது அறுபது. இடம்தான் கிடக்கிறதே என்று 320 கே.பி.பி.எஸ். தரத்தில் போட்டுக்கொண்டாலும் சரி, தரம் குறையாமல் பெரிய ஃபைலாக வருகிற ஃபிளாக்கெல்லாம் இப்போது தேவையே இல்லை.

கார்டைப் பற்றிச் சொல்லும்போது என் வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். என் பையனுக்கு ஆன்லைனில் பேர் தெரியாத ஒரு விற்பனையாளரிடம் பாதி விலைக்கு 128 ஜி.பி. கார்டு வாங்கினேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஏற்றினேன். காலையில் பையன் போட்டால் பட்டியலில் பாட்டு இருக்கிறது, பாடினால் கர்ரென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. உள்ளே நிஜமாக இருப்பது எட்டு ஜி.பி.யோ என்னவோதான், கார்டுக்குள் இருக்கிற கட்டுப்பாட்டுச் சில்லை 128 என்று பொய் சொல்லப் பழக்கிவிடுகிறார்கள், நிறைந்த பிறகு நாம் ஏற்றுவது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது காற்றில் போகும். கம்ப்யூட்டரும் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே இருக்கும். எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவசச் சோதனை மென்பொருட்கள் இருக்கின்றன, முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பார்த்துக் குட்டை உடைத்துவிடும். நீங்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். நேரு வீதியிலேயே பில் போட்டுத் தருகிற கடையில் 32 ஜி.பி. வாங்குங்கள், மலிவான பிளேயர்களில் பல அதற்கு மேல் உள்ள கார்டைப் படிப்பதும் இல்லை.

இன்னொன்று, பாட்டுப் பெயரைத் தமிழில் எழுதி ஏற்றினால் இந்தச் சின்னப் பிளேயர்கள் பலவற்றில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 01, 02 என்று வெறும் எண் கொடுத்துவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எந்த எண்ணுக்கு எந்தப் பாட்டு, என்ன ராகம், யார் பாடியது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். என் பையன் வைத்திருந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது, பிளேயர் எப்போதோ போய்விட்டது.

இப்போது காது. நீங்கள் பயப்படுவது சரிதான். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் சத்தம் வரை, குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபல் என்று உலகச் சுகாதார அமைப்பு கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கலாம் என்கிற நேரம் பாதியாகிவிடும். கடையில் குழந்தைகளுக்கான ஹெட்போன் என்று பொம்மை ஒட்டி விற்பார்கள், பெட்டியில் பெருமையாக 85 டெசிபலுக்கு மேல் போகாது என்று போட்டிருக்கும். மேலே சொன்ன கணக்குப்படி 85இல் வைத்துக் கேட்டால் வாரத்துக்கு நாலே மணி நேரம்தான். அதனால் அந்தப் பெட்டியை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள், பிளேயரின் மெனுவில் ஒலி உச்ச வரம்பு இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டுங்கள். அளக்கக் கருவியெல்லாம் வேண்டாம். அவள் மாட்டிக்கொண்டு கேட்கும்போது கை நீட்டுகிற தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிடுங்கள், திரும்பவில்லை என்றால் சத்தம் அதிகம். (பாட்டில் லயித்தும் திரும்பாமல் இருக்கலாம், இரண்டு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.) காதுக்குள் சொருகுகிறது வேண்டாம், காதை மூடுகிற மாதிரி மெத்தை வைத்தது வாங்குங்கள். கடலூர் பஸ்ஸில் அதை மாட்டிக்கொண்டு வர விடாதீர்கள், அந்த எஞ்சின் சத்தத்தை ஜெயிக்கப் பிள்ளைகள் தங்களை அறியாமல் ஏற்றிக்கொண்டே போவார்கள்.

வயர் ஹெட்போனே போதும், புளூடூத் வேண்டாம். சார்ஜ் போட இன்னொரு சாமான் சேராது. தவிரவும் இந்தப் பிளேயர்களில் இருக்கிற எஃப்.எம். ரேடியோவுக்கு அந்த வயர்தான் ஆன்டெனா. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டிவி செத்துக் கிடந்தது, பாட்டுக் கேட்க வாங்கிய ஒரு சின்னப் பிளேயரில்தான் தெருவே கூடிச் செய்தி கேட்டது. உங்கள் பக்கமும் அதே கதையாகத்தான் இருந்திருக்கும். கடல் காற்றில் சார்ஜ் போடுகிற துளை சீக்கிரம் பச்சை பிடிக்கும், பழைய செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை ஒரு டப்பாவில் போட்டு அதில் வையுங்கள். பொட்டலம் தம்பி கைக்கு மட்டும் எட்டக்கூடாது.

தம்பிக்கு வருகிறேன். 1979இல் சோனி விட்ட முதல் வாக்மேனில் ஹெட்போன் சொருக இரண்டு துளைகள் இருந்தன. ஒருத்தர் மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருப்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதை இல்லை என்று அந்தக் கம்பெனியை நடத்திய அகியோ மொரிட்டா நினைத்தாராம். பேச்சு கேட்பதற்கென்று ஒரு ஆரஞ்சு பொத்தான் வேறு, அதை அமுக்கினால் பாட்டு தணிந்து மைக் வழியாகப் பேச்சு கேட்கும். பின்னால் வந்தவற்றில் அதெல்லாம் போய்விட்டது. பரவாயில்லை, ஒரு துளையை இரண்டாகப் பிரிக்கிற ஒய் வடிவ வயர் நூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும். தம்பிக்கு ஒரு ஹெட்போன். அவன் தூங்கிய பிறகு நீங்கள் மாட்டிக்கொண்டு அவள் எதை நாற்பது தடவை கேட்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள்.

மாமனார் சொன்ன காரவானை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2017இல் சரிகம கொண்டுவந்தது, ஐயாயிரம் பழைய பாட்டு உள்ளேயே இருக்கிறது, கூடத்தில் வைத்தால் காதுக்கும் கேடில்லை, எல்லாரும் கேட்கலாம். ஆனால் அது மாமனாருக்கான பெட்டி. அவருக்கு அந்தப் பாட்டெல்லாம் ஏற்கெனவே தெரியும், வந்தால் சந்தோஷப்படுவார். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது, ஐயாயிரத்தில் எதைப் பிடித்துக்கொள்வாள்? தீபாவளிக்கு அவருக்கு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

எதை ஏற்றுவது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அவள் சுருதி ஐந்தோ ஐந்தரையோ, டீச்சரிடம் கேட்டு அந்தக் கட்டையில் அரை மணி நேரத் தம்புரா ஒலி ஒன்று, 01 அதுதான். அடுத்து வகுப்பில் பதிவு செய்தது. அதற்கப்புறம் அவள் சொல்கிற இருபது பாட்டு, சினிமாவோ கானாவோ எதுவானாலும் மூஞ்சி சுளிக்காமல் ஏற்றுங்கள். மாதம் ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம், நடுவில் கேட்டால் கிடையாது.

இருபத்தொன்றாவதாக ஒன்று இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ரிக்கார்டிங் சென்டர் என்று இருக்கும், தாளில் பாட்டுகளை எழுதி ஒரு வெறும் கேசட்டையும் கொடுத்துவிட்டு வந்தால் ஒரு வாரம் கழித்துப் பதிந்து தருவார்கள். நாம் எழுதிக் கொடுத்தது போக ஒரு பக்கத்தில் மூணு நாலு நிமிஷம் மிச்சம் இருக்கும் அல்லவா, அதை வெறுமனே விட மனசில்லாமல் கடைக்காரர் தனக்குப் பிடித்த பாட்டு எதையாவது போட்டு நிரப்பிவிடுவார், அட்டையில் எழுதவும் மாட்டார். முதல் தடவை கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். எனக்கு நாகசுரம் அப்படி ஒரு மிச்சத்தில்தான் அறிமுகம் ஆனது. அந்த ஒன்றை மாதாமாதம் உங்கள் மாமனார் போடட்டும். என்ன பாட்டு என்று உங்களிடமும் சொல்ல வேண்டாம், நோட்டில் அந்த வரியை மட்டும் அவள் காலியாக விட்டு வைக்கட்டும்.