முன்பணம் யார் பெயருக்குப் போகிறது?

கேள்வி: பினாங்கு, பிறையில் 420,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) பழைய அடுக்குமாடி வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். பத்து விழுக்காடு முன்பணத்தை என் சேமிப்பு, மனைவி கட்டிவரும் கூட்டு (சீட்டு), இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றிலிருந்தும் திரட்ட எண்ணம். வேறு ஒருவரும் அதே வீட்டைக் கேட்கிறார், இன்றே 12,600 வெள்ளியைத் தம் கணக்கில் போட்டால் பிடித்துவைக்கிறேன் என்கிறார் முகவர். அனுப்பலாமா? இது கைகூடாவிட்டால் பத்து காவான் என்ற ஊரில் புதுவீட்டுக்குப் பதிவு செய்வோம்.
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அனுப்பாதீர்கள். தொகையில் தவறில்லை. பழைய வீட்டுக்கு முதலில் மூன்று விழுக்காடு, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது மீதி ஏழு என்பது இங்குள்ள வழக்கம். தவறு அவர் சொல்லும் கணக்கில் இருக்கிறது. முதல் தொகை பதிவுபெற்ற முகவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ, வழக்கறிஞர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோதான் போக வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையும் அதிலுள்ள கியூஆர் குறியீடும் அவர் எந்த நிறுவனத்துக்காக வேலை செய்கிறார் என்று காட்டும், அவ்வளவுதான். உங்கள் பணத்தைச் சொந்தக் கணக்கில் வாங்கிவைக்க அது அனுமதி இல்லை. டுயிட்நவ் என்ற வங்கிப் பரிமாற்றச் சேவையில் பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயர் திரையில் வரும். அங்கே தனிமனிதர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடலாம். ஆனால் அங்கே புகார் இல்லையென்றால், இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் பொருள்.

அந்த ‘வேறு ஒருவர்’ எனக்கு நன்கு பழக்கமானவர். என் மேசைக்கு வரும் கோப்புகளில் பாதியில் அவர் இருக்கிறார். நேரில்தான் ஒருமுறையும் வந்ததில்லை.

பணம் கொடுக்குமுன் எழுத்தில் ஒரு கொள்முதல் கடிதம் வேண்டும். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்ற வரி அதில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ‘வழக்கமான படிவம்தான்’ என்று முகவர் சொல்வார். அந்த வழக்கமான படிவங்களில்தான் இந்த வரி காணாமல் போகிறது. முகவரின் கூலி பொதுவாக விற்பவர் தலையில். உங்களிடம் தனியாகக் ‘கமிஷன்’ கேட்டால் எதற்கென்று கேளுங்கள்.

கூட்டு விஷயத்தில் சுற்றி வளைக்க விரும்பவில்லை. கூட்டுத் தொழில் நடத்துவதை 1971ஆம் ஆண்டே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். நடத்துபவர் தலைமறைவானால் யாரிடம் நியாயம் கேட்பீர்கள்? உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும்வரை அந்தப் பணத்தை முன்பணக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரொக்கமாகக் கையில் வந்தால் ஒரே தடவையில் கட்டுங்கள். ஒரே நாளில் 25,000 வெள்ளி, அதற்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு அறிக்கை அனுப்பும். அது வரியும் அல்ல, குற்றச்சாட்டும் அல்ல. அதற்குப் பயந்து நண்பர்கள் பேச்சைக் கேட்டுச் சிறுசிறு தொகையாக நாலு கிளைகளில் கட்டினால்தான் சந்தேகமே வரும்.

இனி இபிஎஃப். மாதந்தோறும் உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம்தான். ஆனால் வீட்டுக்கென்று அதை எடுக்க, கையெழுத்தான ஒப்பந்தத்தையும் வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தையும் காட்ட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டுமானால் பத்து விழுக்காடும் கட்டியாக வேண்டும். ஆக, முன்பணத்துக்கு உதவ வேண்டிய பணம் முன்பணம் கட்டிய பிறகே வரும். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் சம்பளக்காரர் ஒருவரையாவது கேட்டிருப்பார்களா? இபிஎஃபில் 2024 மே மாதத்திலிருந்து இருக்கும் ஃபிளெக்சிபல் என்ற உட்கணக்கிலிருந்து மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் மாதச் சந்தாவில் பத்து விழுக்காடுதான் அதற்குப் போகிறது, பெரிதாகச் சேர்ந்திருக்காது. வீட்டுக்கான பணம் செஜாத்ரா என்ற இன்னொரு உட்கணக்கிலிருந்து வரும். 378,000 வெள்ளி கடன் கிடைத்தால் விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம் 42,000, அதோடு விலையில் பத்து விழுக்காடு இன்னொரு 42,000 என மொத்தம் 84,000 வரை கேட்கலாம். அந்தக் கணக்கில் அதைவிடக் குறைவாக இருந்தால் இருப்பதுதான் கிடைக்கும். விண்ணப்பத்தை நீங்களே செய்யலாம். ‘சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்’ என்று விழுக்காட்டுக் கணக்கில் கூலி கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இபிஎஃப் எந்த ஏஜெண்டையும் நியமிக்கவில்லை.

எனவே கையெழுத்து நாளுக்கான 42,000 வெள்ளியும் உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்தே வர வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். இபிஎஃப் பணம் அந்தப் பள்ளத்தைப் பிறகு நிரப்பட்டும்.

பத்து காவான் விஷயம் வேறு. மேம்பாட்டாளரிடம் நேரடியாகப் புதுவீடு வாங்கும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் ஒரு காசும் தர வேண்டியதில்லை. தரவேண்டியதில்லை என்பதைவிட, அவர்கள் வாங்கவே கூடாது. 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. முன்பதிவுத் தொகை, ஆர்வத் தொகை, நிர்வாகக் கட்டணம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் கூடாது. 2021இல் கூட்டரசு நீதிமன்றம் இதை மறுபடி உறுதி செய்தது. வீட்டை ஒப்படைக்கத் தாமதமானால், இழப்பீட்டுக்கான காலத்தை அந்த முன்பதிவுத் தொகை கட்டிய நாளிலிருந்தே எண்ணலாம் என்றும் சொன்னது. அப்படியும் விற்பனைக் கூடங்களில் இன்றும் ‘ஆயிரம் கட்டினால் போதும், மனை எண் உங்களுக்குத்தான்’ என்கிறார்கள். கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். அதைப் பத்திரமாக வையுங்கள்.

பல வங்கிகளில் தினசரிப் பரிமாற்ற வரம்பைக் கூட்டினால் அது நடப்புக்கு வரச் சில மணி நேரமாகும். கையெழுத்து நாளுக்கு முந்தைய நாளே கூட்டிவிடுங்கள்.

இதை நீங்கள் படிப்பதற்குள் 12,600 வெள்ளி போய்விட்டதென்றால், முகவர் பதில் சொல்கிறாரா என்று வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே உங்கள் வங்கியையும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணையும் அழையுங்கள், பிறகு காவல் நிலையத்துக்குப் போங்கள்.